விலை சொன்னவளுக்குப் பிந்திய கை

பிரிவது என்று முடிவான பிறகு பங்கு போட எங்களிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கட்டில் அவன் வாங்கியது, அவனுக்கு. அடுப்பு நான் வாங்கியது, எனக்கு. குளிர்பெட்டி நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். அதை இருவருமே கேட்கவில்லை. மிச்சமிருந்தது அச்சுப்பிழை நோட்டுகள்.

பணம் அடிக்கிற அச்சகத்தில் தப்பாக அடிபட்டு, சரிபார்ப்பவர் கண்ணுக்குத் தப்பி வெளியே வந்துவிட்ட நோட்டுகள். எண் அடிக்காமல் விட்டது. ஒரு பக்கத்து மை ஈரத்தோடு மறுபக்கத்தில் ஒட்டி, கண்ணாடிக்குள் தெரிவதுபோல் திரும்பி விழுந்தது. மூலை மடிந்தபடியே வெட்டுப்பட்டதால், விரித்தால் யானைக் காதுபோல் ஒரு துண்டுக் காகிதம் கூடுதலாகத் தொங்குவது. சரியான நோட்டை யாரும் சேர்த்துவைப்பதில்லை, செலவழித்துவிடுகிறார்கள். தப்பாகப் பிறந்ததைத்தான் உறைக்குள் போட்டு, இடுக்கியால் மட்டும் தொட்டு, காற்றுப் படாமல் காப்பாற்றுகிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அவனுக்கு வேறொருத்தி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போய் அவள் தலைமுடியைப் பிடித்திருப்பேன். அப்படி யாரும் இல்லை. ஒரு காலையில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, “எனக்குப் போதும்னு தோணுது” என்றான்.

“என்ன போதும்? காப்பியா?”

“நாம.”

சொல்லிவிட்டு இன்னொரு காலின் நாடாவையும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். கத்தத் தெரியாதவன். கத்தத் தெரிந்தவனிடம் இரண்டு தட்டையாவது உடைத்து ஒரு முடிவுக்கு வரலாம். மெதுவாகப் பேசுகிறவனை என்ன செய்ய?

கூட்டாகச் சேர்த்ததைப் பிரிக்க இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எல்லாவற்றுக்கும் விலை போடவேண்டும். மற்றவர் முதலில் எடுப்பார். பிறகு மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு போய், முடிவில் யார் பக்கம் விலை கூடி நிற்கிறதோ அவர் வித்தியாசத்தைப் பணமாகச் சரிக்கட்ட வேண்டும். விலை சொன்னவருக்குப் பிந்திய கை என்பார்கள். தப்பாக விலை போட்டால் அடி போட்டவருக்கே என்பதால் யாரும் தப்பாகப் போடமாட்டார்கள். அற்ப விலை நோட்டுகள் மட்டும் தேர்வுக்கு வராது. நடுவில் நிற்கிற வியாபாரி அவற்றைக் குப்பைப் பெட்டியில் போட்டு மொத்தமாக எடுத்துக்கொள்வார்.

எங்களுக்கு நடுவில் நின்றவர் இடுக்கியார். நோட்டு, நாணயம், தபால்தலை வாங்கி விற்கிறவர். அந்தப் பட்டப்பெயருக்கு, கையில் எப்போதும் தட்டை நுனி இடுக்கி இருக்கும் என்பது ஒரு காரணம், காசு விஷயத்தில் அவர் பிடி அப்படி என்பது இன்னொரு காரணம். முகத்துக்கு நேரே ஐயா.

விலை போடவேண்டியவள் நான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பேசுவது, பேரம் செய்வது, கண்காட்சியில் கைகுலுக்குவது எல்லாம் அவன். கண் என்னுடையது. எண் இல்லாத நோட்டைக் கொண்டுவந்தால் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பேன். எண்ணை அடித்துவிட்டு யாராவது ரசாயனம் போட்டு அழித்திருந்தால், அச்சு அழுத்திய பள்ளமும் நார் கலைந்த சொரசொரப்பும் காட்டிக்கொடுத்துவிடும். என் பட்டம் வேதியியல். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இவ்வளவும் இருந்தும் கண்காட்சிகளில் அவன் என்னை அறிமுகப்படுத்துவது, “இவங்க எனக்குக் கூடமாட உதவி.” வீட்டுக்கு வந்து கேட்டால், “சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், லென்சு.” லென்சு என்றுதான் என்னைக் கூப்பிடுவான். அந்தப் பெயருக்கு நான் மயங்கிக்கிடந்த காலம் உண்டு.

என் கண் பழகிய கதையைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வேதியியல் பட்டத்துக்கு எனக்குக் கிடைத்தது மின்கட்டணம் வசூலிக்கும் கவுன்டரில், கம்பி வலைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. கள்ள நோட்டு ஒன்று உள்ளே வந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்து வீட்டில் எத்தனையோ ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு நோட்டையும் எதிராளியைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

அப்படி ஒருநாள் ஒரு பத்து ரூபாய் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

“கள்ள நோட்டா மேடம்? புடிச்சுக் கொடுக்கப் போறீங்களா?”

“இல்ல. நம்பர் கீழ இறங்கி பார்டரைத் தொடுது பாருங்க. அடிக்கும்போது காகிதம் நகர்ந்திருக்கு.”

“எப்படிங்க பார்த்தீங்க? ஒரு வாரமா என் பாக்கெட்லதான் கிடக்கு, எனக்குத் தெரியலையே.”

“நீங்க செலவு பண்ணப் பார்க்கிறீங்க. நான் மாட்டிக்காம இருக்கப் பார்க்கிறேன்.”

சிரித்தான். மறுநாள் பில் எதுவும் இல்லாமல் ஒரு கட்டு நோட்டோடு வந்து நின்றான். “இதுல ஏதாச்சும் தப்பு இருக்கா பாருங்க.” எதிலும் தப்பு இல்லை. அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். கடைசியில் வரிசையில் பின்னால் நின்ற கிழவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், “தம்பி, தப்பு நோட்டுல இல்ல, உன்கிட்டதான் இருக்கு. சட்டுனு கட்டிக்கிட்டுத் தொலைங்க. நாங்க பில்லு கட்டணும்” என்றார். அந்த வரிசையே சிரித்தது.

அந்தப் பத்து நோட்டை, என் பையிலிருந்து வேறொரு பத்தைக் கல்லாவில் போட்டுவிட்டு, நான் எடுத்துக்கொண்டேன். சந்தையில் அதற்கு மதிப்பே கிடையாது. எண் அந்த அளவு சரிந்த நோட்டுகள் ஊரெல்லாம் கிடக்கின்றன. போதாததற்கு நடுவில் மடிப்பு, ஓரத்தில் கிழிசல், யாரோ பேனாவால் போட்டுப்பார்த்த கூட்டல் கணக்கு. ஆனாலும் எங்கள் ஆல்பத்தில் அதற்கு முதல் பக்கம். இருந்ததிலேயே தடித்த, விலை உயர்ந்த உறையை அதற்குத்தான் போட்டிருந்தேன்.

எனக்கு வேண்டியது அந்த ஒரு நோட்டுதான்.

உண்மையான விலையைப் போட்டால் அது குப்பைப் பெட்டிக்குப் போய்விடும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்டதைக் கொடுப்பதற்கு என்ன வேண்டும், இரண்டு விரல் போதும். நான் கேட்காமலே அவன் அதை விட்டுவைக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. பார்த்ததும் புரிந்து, “ஓகோ, இதை இவள் கொண்டுபோக நினைக்கிறாள்” என்று மனசுக்குள் ஒரு நிமிஷம் நின்று, கையைப் பக்கத்து நோட்டுக்கு நகர்த்த வேண்டும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டும். அதற்குப் பிறகு அவன் எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

அதனால் பொய் விலை போட்டேன். வாழ்க்கையில் முதல்முறை. என் ஒரு மாதச் சம்பளத்தை அந்தப் பத்து நோட்டின் உறைமேல் ஒட்டிய சீட்டில் பென்சிலால் எழுதினேன். அது அவன் கண்ணில் படாமல் போகக்கூடாது என்று, ஆல்பத்திலேயே பெரிய உருப்படிக்குப் போட்டதைவிட ஒரு படி மேலே. என் முறை வரும்போது அதை நான் எடுத்தால் வித்தியாசத்தை அவனுக்குப் பணமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்கிறேன். கிறுக்குத்தனம்தான். செய்கிறபோது தெரிந்துதான் செய்தேன்.

பிரிக்கிற அன்று மத்தியானம் அப்பாவும் என்னோடு வந்தார். அவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். பங்கு முடிந்ததும் என்னையும் என் பையையும் வீட்டுக்குக் கூட்டிப்போவது அவர் பொறுப்பு. இடுக்கியார் கடையின் பின்னறையில் ஒரு மேசை, அதன்மேல் பச்சைத் துணி, கழுத்து வளைகிற விளக்கு. அப்பா ஸ்டூலின் நுனியில், எங்கே தன் அழுக்கு ஒட்டிவிடுமோ என்பதுபோல் உட்கார்ந்தார். அவன் உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார்.

“வாங்க மாப்ளே… நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன் மாமா. உட்காருங்க.”

அப்பாவுக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் விலைச் சீட்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“ஏம்மா, தப்பா அடிச்சதுக்கா இவ்வளவு? நான் ஒரு மூட்டையைத் தப்பான கடையில இறக்குனா கூலியில புடிச்சுக்கிறான். எனக்கு இந்த ஆபீஸ்ல வேலை வாங்கிக் கொடு.”

இடுக்கியார் சிரித்தார். அவனும் சிரித்தான். அப்பா பேச்சுக்கு அவன் எப்போதும் உண்மையாகச் சிரிப்பான், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

“ஆரம்பிக்கலாமா?” என்றார் இடுக்கியார். “விலை போட்டவ கையைக் கட்டிக்கணும். தம்பி, நீ எடு.”

உறைகளை வரிசையாகப் பரப்பியிருந்தேன். நியாயமாக அவன் எடுக்கவேண்டியது மூன்று நோட்டுத் தொடர். அடுத்தடுத்த எண்கள், இயந்திரத்தில் மை தீரத்தீர அடிக்கப்பட்டவை. முதல் நோட்டில் படம் முழுசாக இருக்கும், இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் வெறும் காகிதத்தில் எண் மட்டும். அதைத் தேடி நாங்கள் எத்தனை பஸ் மாறிப் போனோம்!

அவன் நோட்டுகளைப் பார்க்கவில்லை. சீட்டுகளைப் பார்த்தான். விரல் ஒவ்வொரு விலையாக நகர்ந்து வந்தது. பத்து நோட்டின்மேல் நின்றது.

“இது” என்று இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“யோசிச்சுதான் எடுக்கிறியா? தொடர் இருக்கே” என்றார் இடுக்கியார்.

“விலை இதுக்குத்தானே கூடப் போட்டிருக்கு? அவ போட்டா சரியாத்தான் இருக்கும் ஐயா. இதுவரைக்கும் தப்புனதே இல்ல.” என்னைப் பார்த்து, பாராட்டுகிற மாதிரி தலையை ஆட்டினான். பிறகு உறையை விளக்கில் காட்டி, “என்ன பிழை இதுல? நம்பரா?” என்றான்.

“நம்பர்தான்” என்றேன்.

“ம். ஐயா, ஒண்ணு செய்யலாமா? இதை இப்பவே நீங்க வாங்கிக்கிறீங்களா? புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும். வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்.”

“அதுக்கென்ன. இவ போட்ட விலைன்னா நான் லென்ஸை எடுக்கவே தேவையில்ல” என்று சொல்லிக்கொண்டே இடுக்கியார் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு பொத்தானைக்கூட லென்ஸ் வைத்துப் பார்த்து வாங்குகிற மனிதர். அந்தக் குப்பை நோட்டுக்காகப் பணக்கட்டின் ரப்பரைக் கழற்றினார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அடுத்த கை என்னுடையது, தொடர் எனக்கு வந்திருக்கும். விலை அவன் பக்கம் கூடியிருப்பதால் மேற்கொண்டு பணமும் வரும். அவனை ஏமாற்றுவதில் அந்த நேரத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தக் கிழட்டுக் கை என்னை நம்பி ரப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தது.

“ஐயா, பணத்தை உள்ள வைங்க. அது அவ்வளவு போகாது.”

“எவ்வளவு போகும்?”

“ஒரு டீ குடிக்கலாம்.”

அவன் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றது.

“என் தலையில கட்டப் பார்த்தியா?”

“உங்க தலையில கட்டணும்னா நீங்க எப்படியும் எடுக்கப்போற தொடருக்குக் கூடப் போட்டிருப்பேன். எனக்கு அவ்வளவு மூளை இல்லையா?” வீட்டில் அவனை நீ என்றுதான் கூப்பிடுவேன். அப்பா எதிரில் நீங்க என்று வந்துவிட்டது. ஏதோ மூன்றாம் மனிதரிடம் பேசுவதுபோல் இருந்தது.

“அப்புறம் எதுக்கு இப்படி ஒரு விலை?”

சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். “கவுன்டர்ல நீ கொடுத்த நோட்டு அது. நீங்க பில்லு கட்ட வந்த அன்னைக்கு.” நீயும் நீங்களும் கலந்து வந்தது.

அவன் உறையை மறுபடி விளக்கருகே பிடித்தான். நெற்றி சுருங்கி, பிறகு விரிந்தது. “ஓ! அந்த நோட்டா? இங்க பாரு, கூட்டல் கணக்கு! பின்னாடி ஒரு தாத்தா நின்னுக்கிட்டு, கட்டிக்கிட்டுத் தொலைங்கன்னு திட்டினாரே!” முகம் முழுக்கச் சிரிப்பு. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அதே முகம். சரி, போதும், இதுதான் நான் கேட்டது என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் போகாதே என்று சொல்லிவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“கேட்டிருந்தா சும்மாவே கொடுத்திருப்பேனே, லென்சு. நல்லவேளை இப்பவாவது சொன்ன.”

சொல்லிக்கொண்டே உறையின் வாயைப் பிரித்து, இரண்டு விரலால் நோட்டை உருவி எடுத்தான். இடுக்கி அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நோட்டை என்னிடம் நீட்டினான். உறையைத் தட்டி நிமிர்த்தித் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

“இது நல்ல உறை. இது எனக்கு ஆகும்.”

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

இடுக்கியார் பணக்கட்டுக்கு மறுபடி ரப்பர் போட்டு உள்ளே வைத்துப் பூட்டினார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“மீதி விலையெல்லாம் நான் ஒருதரம் பார்த்துடறேம்மா. தப்பா எடுத்துக்காத” என்றார்.

“பாருங்க ஐயா.”

என் கண்ணுக்கு மேல் அவர் லென்ஸ் வைத்தது அதுதான் முதல்தடவை. ஒவ்வொரு உறையாக எடுத்து, விளக்கைச் சாய்த்து, சீட்டைப் பார்த்து, “சரி” என்றார். அடுத்ததை எடுத்து, “சரி.” காது நோட்டு, கண்ணாடி நோட்டு, வெட்டு மாறிய நோட்டு. சரி, சரி, சரி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவன் பாதியில் போனை எடுத்துப் புது வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்ப ஆரம்பித்தான். அப்பாவுக்கு என்ன நடந்தது என்று முழுசாகப் புரியவில்லை. தன் மகள் பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டதுபோல் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி உட்கார்ந்திருந்ததற்காக அவனை நான் என்றைக்கும் மன்னிக்கப்போவதில்லை.

மறுபடி முதலிலிருந்து எடுத்தோம். அவன் தொடரை எடுத்தான். நான் எண் இல்லாத நோட்டை எடுத்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிற உத்தமி இல்லை நான். ஒன்று விடாமல் என் பங்கை எடுத்தேன். முடிந்ததும் அவன் எழுந்து, “வரேன் மாமா. உடம்பைப் பார்த்துக்கங்க” என்றான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினான். சட்டைப்பையில் அந்தக் காலி உறை எட்டிப்பார்த்தது.

இடுக்கியார் வாசல்வரை வந்தார். “அடுத்த மாசம் ஒரு கட்டு வருது. பார்க்க வருவியா?” என்றார். எப்போதும் “வந்துடு” என்பார். இன்று “வருவியா.”

தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. பையை அப்பா வைத்திருந்தார். என் இடது கையில் அந்தப் பத்து நோட்டு, அவ்வளவு நேரமும் பிடித்துப் பிடித்து வியர்வையில் ஊறிக் குழைந்துபோயிருந்தது.

“அதான் நீ கேட்டது கிடைச்சிருச்சே. அப்புறம் என்னம்மா?” என்றார் அப்பா. “மாப்ளைக்கு மறந்திருக்கும். ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது. மறந்தவர்கிட்ட என்ன கோபம்?”

“மறக்கலப்பா. மறந்திருந்தா பரவாயில்ல. கூட்டல் கணக்கு ஞாபகம் இருக்கு. அந்தத் தாத்தா திட்டினது ஞாபகம் இருக்கு. எல்லாம் ஞாபகம் வந்த பிறகுதான் உறையை உருவினான்.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எனக்கு வந்துவிட்டது. பழக்கடை வாசலில், போகிறவர்கள் வருகிறவர்கள் நடுவில், மூக்கும் வாயும் ஒழுக அழுதேன். ஒருவன் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான். “என்ன பார்வை? போய்யா!” என்று கத்தினேன். போய்விட்டான்.

“கத்து, கத்து. அவர்கிட்டக் கத்தியிருக்கலாம்” என்றார் அப்பா.

“அவன்கிட்டக் கத்த வரல.”

அப்பா கீழே வைத்திருந்த என் பையை எடுத்துத் தோளில் ஏற்றினார். இரண்டு புடவையும் ஒரு ஆல்பமும் மட்டுமே இருந்த பை. தூக்குவதற்கு முன்னால் வழக்கம்போல் ஒருமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டார்.